பழைய ரோட்ஸ்டர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இரும்பை

ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்களை ஏற்றுமதி செய்யும் என்னைப் போன்றவர்களிடம் ஊரிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதான். எத்தனை கிலோமீற்றர் ஓடியது? ஒரு லீற்றருக்கு எவ்வளவு போகும்? திருப்பி விற்றால் என்ன கிடைக்கும்? விட்ஸ், அக்வா, வெகன் ஆர் போன்ற கார்களுக்கு இந்த மூன்று கேள்விகளும் போதும்.

ஆனால் அண்மைக் காலமாக இங்கு தொழில் செய்யும் நம்மவர் இளைஞர்கள் சிலர் வேறொரு காரைப் பற்றி விசாரிக்கிறார்கள். இரண்டே ஆசனம், மடித்துவிடக்கூடிய துணிக் கூரை, பின்சக்கர இழுவை, ஒரு தொன்னுக்கும் குறைந்த நிறை. அதுதான் மஸ்டாவின் முதலாம் தலைமுறை ரோட்ஸ்டர். "நானா, வாங்கிப் போட்டால் விலை ஏறும் என்கிறார்களே, உண்மையா?" என்பதே அவர்களது கேள்வி. என்னிடமும் 1992ஆம் ஆண்டின் ரோட்ஸ்டர் ஒன்று பத்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. எனவே வியாபாரி என்ற முறையிலும் உரிமையாளர் என்ற முறையிலும் இதற்குப் பதில் சொல்லலாம் என நினைக்கிறேன்.

எப்படிப்பட்ட கார் இது?

பாரமற்ற சிறிய திறந்த கார்களுக்கு ஒரு காலத்தில் பிரித்தானியாவே பேர்போனது. எம்.ஜி., ட்ரையம்ப், லோட்டஸ் என்பன அந்த வரிசையைச் சேர்ந்தவை. எம்.ஜி.யின் அபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டதோடு அந்தச் சந்தை ஏறக்குறைய வெறுமையானது. அத்தகைய கார் ஒன்றை மீண்டும் செய்ய வேண்டும் என்று அமெரிக்கப் பத்திரிகையாளரான பொப் ஹோல், 1979இல் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் எடுத்துச் சொன்னார். அந்த யோசனை பத்து ஆண்டுகளில் காராகி, 1989 பெப்ரவரியில் சிக்காகோ வாகனக் கண்காட்சியில் மேடையேறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வெளிநாடுகளில் இதன் பெயர் எம்.எக்ஸ்-5.

திட்டத்தை வழிநடத்திய தொஷிஹிகோ ஹிராய், குதிரையும் குதிரைவீரனும் ஓருடலாக இருக்க வேண்டும் என்ற ஜப்பானிய வழக்கையே காரின் குறிக்கோளாக வைத்தார். 1.6 லீற்றர் எஞ்சின், 120 குதிரைவலு, 940 கிலோ நிறை. வலு பெரிதல்ல, சுமை குறைவு என்பதே இதன் இரகசியம். உலகில் அதிகம் விற்பனையான இரண்டு ஆசன விளையாட்டுக் கார் என 2000ஆம் ஆண்டில் கின்னஸ் பதிவு செய்தது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் உற்பத்தியானது.

வாங்குபவருக்கு இந்த எண்ணிக்கையால் ஒரு நன்மை உண்டு. அதிகம் உற்பத்தியான காருக்கு உதிரிப்பாகம் கிடைக்கும். அதன் நோய் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

ஏலத் தாளை வாசிப்பது எப்படி?

இங்கு பாவித்த கார்களில் பெரும்பகுதி ஏலங்கள் ஊடாகவே கைமாறுகிறது. ஒவ்வொரு காருக்கும் பரிசோதகர் எழுதிய தாள் ஒன்று உண்டு. விபத்தில் சிக்கித் திருத்தப்பட்ட காருக்கு இலக்கத் தரத்துக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இடப்படும். கார்ப் படத்தில் 'ஏ' கீறல், 'யூ' நெளிவு, 'டபிள்யூ' டிங்கரிங் செய்த தடயம், 'எஸ்' துரு, 'சி' அரிப்பு என்பதைக் குறிக்கும்.

புதியவர்கள் 'ஏ'யையும் 'யூ'வையும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நான் பார்ப்பது 'எஸ்'ஸையும் 'சி'யையும். கீறலுக்குப் பெயின்ட் போதும். அரித்துப்போன இரும்புக்கு மருந்தில்லை, வெட்டி எடுத்துப் புதிய தகடு ஒட்ட வேண்டும். அதற்குச் செலவாகும் பணம் சிலவேளை காரின் விலையையே விழுங்கிவிடும்.

கார் எந்த மாகாணத்தில் ஓடியது என்பதையும் விசாரியுங்கள். ஹொக்கைடோ, நீகாட்டா போன்ற பனிப் பிரதேசங்களில் குளிர்காலத்தில் வீதிகளுக்கு உப்பு தூவுவார்கள். அந்த உப்பு காரின் அடியில் ஒட்டி இரும்பைத் தின்னும்.

நீர் போகும் வழி

இந்தக் காரின் பெரிய பகை கூரையிலிருந்து வரும் மழைநீர். துணிக் கூரையில் விழும் நீர் ஆசனங்களுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள குழாய்கள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைச் சருகும் தூசியும் குழாயை அடைத்துவிட்டால், நீர் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் உட்குழிவான இரும்புப் பெட்டிக்குள் தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வருவதால், வெளியில் பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சிறு காந்தமும் கொண்டு செல்லுங்கள். விற்பவரின் அனுமதியோடு ஆசனத்துக்குப் பின்னாலுள்ள வடிகாலில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது தடையின்றிக் கீழே வழிய வேண்டும். பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள பகுதியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டவில்லையென்றால் அங்கே இருப்பது இரும்பல்ல, கட்டலோய். அப்படியான காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் எடுப்பதில்லை.

எஞ்சின் பயமுறுத்தாது

இந்த எஞ்சின் உழைப்பாளி. டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். ஆரம்ப ஆண்டுகளின் 1.6 எஞ்சின்களில் கிராங்கின் முனை சிறியது. எஞ்சின் ஓடும்போது முன்புறப் புலி தள்ளாடிச் சுற்றினால் விலகிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் சற்று முரண்டுபிடிப்பதும், கிளச்சின் கீழ்ச் சிலிண்டர் கசிவதும் இந்தக் காரில் வழமை. பின்னது பெரிய செலவல்ல. பற்றரி டிக்கியில் இருப்பதால் அமிலம் கசியாத மூடிய வகையே போட வேண்டும். கூரையை மடிப்பதற்கு முன் பின்புறப் பிளாஸ்டிக் யன்னலின் சிப்பைத் திறந்துவிடுங்கள். இல்லையேல் யன்னல் வெடிக்கும்.

எஞ்சினையும் கியர் பெட்டியையும் வேறொரு காரிலிருந்து எடுத்துப் போடலாம். நல்ல உடலை அப்படி எடுத்துப் போட முடியாது. எனவே கிலோமீற்றர் கூடிய, துருப்பிடிக்காத காரே குறைவாக ஓடித் துருப்பிடித்த காரைவிடப் பெறுமதியானது.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி விலை ஏறுமா என்ற கேள்விக்கு வருவோம். நல்ல நிலையிலுள்ள முதலாம் தலைமுறைக் கார்களின் விலை ஏறியிருப்பது உண்மை. மஸ்டா நிறுவனமே இந்தக் கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் சேவையை 2017இல் அறிவித்து, நிறுத்தப்பட்டிருந்த சில உதிரிப்பாகங்களையும் மீண்டும் செய்யத் தொடங்கியது. ஆனால் மறுபக்கத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் பெற்றோல் காருக்கு 13 ஆண்டுகள் கடந்தால் வரி கூடும். இந்த 1.6 லீற்றர் காருக்கு ஆண்டு வரி 45,400 யென். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கட்டாயப் பரிசோதனையின்போது செலுத்தும் நிறை வரி, 18 ஆண்டு கடந்த, ஒரு தொன்னுக்கு மேற்படாத காருக்கு 25,200 யென். பத்து ஆண்டு வைத்திருந்தால் ஆண்டு வரி 4,54,000. நிறை வரி 1,26,000. மொத்தம் 5,80,000 யென். பரிசோதனைக் கட்டணம், காப்புறுதி, டயர், கூரைத் துணி எதுவும் இதில் சேரவில்லை. பதிவுக்கு முன் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் நிறுத்துமிடம் இருப்பதற்கான அத்தாட்சியைப் பொலிஸ் நிலையத்தில் பெற வேண்டும். நகரமென்றால் அந்த இடத்துக்கும் மாத வாடகை.

விலை ஏறி வரும் இலாபத்தை இந்தச் செலவுகள் அமைதியாகத் தின்றுவிடும். ஊருக்கு ஏற்றி நல்ல விலைக்கு விற்கலாம் என்ற எண்ணமும் சரிவராது. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட இலங்கையின் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தபோதிலும், முப்பது வயதுக் காரை வழமையான பாவித்த வாகனமாகக் கொண்டுபோக வயதெல்லை இடம் தராது.

வீடு கட்டச் சேர்த்த பணத்தில் இந்தக் காரை வாங்கலாமா என்று கேட்ட ஒரு தம்பிக்கு வேண்டாம் என்றேன். முகம் வாடியது, ஆனால் நான்கு பேரின் எதிர்பார்ப்பு அந்தப் பணத்தில் தங்கியிருக்கிறது. கடனில்லாமல், குடும்பத் தேவைக்கு ஒதுக்கியது போக மிச்சமிருக்கும் பணத்தில் வாங்குவோருக்கு மட்டுமே இது பொருந்தும். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுத் திருத்த வேலைக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வாங்குபவருக்கு இந்தக் கார் தருவது வட்டமான ஓர் இலாபத் தொகையல்ல. ஞாயிறு காலையில், கூரையைத் திறந்துவிட்டு, வளைவான மலைப் பாதையில் மணிக்கு ஐம்பது கிலோமீற்றரில் போகும்போது கிடைக்கும் நிறைவு அது. கணக்குப் புத்தகத்தில் அதைச் செலவுப் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான் மனமும் நிம்மதியாக இருக்கும், காரும் ஒழுங்காகப் பராமரிக்கப்படும். இலையுதிர் காலம் முடிந்ததும் வடிகால் குழாய்களைத் துப்புரவு செய்ய மறந்துவிடாதீர்கள்.