கூண்டு அடைக்கலமா, ஆயுள் தண்டனையா?

பெருநாள் விடுமுறை வந்தாலும் கோடை விடுமுறை வந்தாலும், சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பும் இடங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. மற்றொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை. இரண்டுமே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் உள்ளன.

அங்கே பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்விக்குப் பெற்றோர்களாகிய நம்மில் பலரிடம் பதில் இருப்பதில்லை. "அத்தா, இதை ஏன் அடைச்சு வெச்சிருக்காங்க?" என்பதே அந்தக் கேள்வி.

உயிரியல் பூங்காக்கள் எல்லாமே சிறைகள்தான் என்கிறார்கள் ஒரு சாரார். அவை இல்லாவிட்டால் பல இனங்கள் அழிந்தே போயிருக்கும் என்கிறார்கள் மறுசாரார். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. எந்த உயிரை, எதற்காக, எவ்வளவு காலம் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

மார்க்கம் சொல்லும் நிபந்தனை

ஒரு பூனையின் காரணமாக வேதனைக்கு ஆளான பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவான அந்தச் செய்தியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பெண் பூனையை அடித்துக் கொல்லவில்லை. அடைத்து வைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, அது வெளியே போய்த் தன் இரையைத் தேடிக்கொள்ளவும் விடவில்லை. அடைத்து வைத்தவர் மீது அந்த உயிரின் முழுப் பொறுப்பும் வந்துவிடுகிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

அதேவேளை, அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சின்னஞ்சிறு குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தியும் உண்டு. முறையாகப் பராமரித்தால் பறவைகளை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் பலர் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனவே, ஓர் உயிரைப் பிடித்து வைத்திருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. அதன் தேவைகள் நிறைவேறுகின்றனவா என்பதே கேள்வி.

வடநெம்மேலி சொல்லும் பாடம்

1970களில் இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் அழிவின் விளிம்பில் இருந்தன. தோலுக்காக அவற்றை வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய மனைவி ஜாய் விட்டேக்கரும் நண்பர்களுடன் சேர்ந்து வடநெம்மேலியில் இந்தப் பண்ணையைத் தொடங்கினார்கள்.

பெண் முதலை ஒரு தடவையில் 25, 30 முட்டைகள்கூட இடும். ஆனால் காட்டில் பிழைக்கும் குஞ்சுகள் மிகச் சிலவே. பண்ணையில் பாதுகாப்பாகப் பொரிக்க வைத்து, ஓரளவு வளர்ந்ததும் நீர்நிலைகளில் விடுவது என்பதே திட்டம். அது வெற்றியும் பெற்றது. இங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதலைகள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. நன்னீர் முதலை ஒரே ஆண்டில் இரண்டு முறை முட்டையிடக்கூடியது, முட்டை இருக்கும் மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பன போன்ற விவரங்களை ஆய்வாளர்கள் இங்கே கண்டறிந்தார்கள்.

சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. முதலைகளை விடுவதற்குத் தகுந்த ஆறுகளும் நீர்த்தேக்கங்களும் கிடைக்கவில்லை. எங்கு பார்த்தாலும் மக்கள் குடியிருப்பு, மீன்பிடிப்பு, விவசாயம். 1990களில் விடுவிப்பு நின்றுபோனது. சுமார் எட்டரை ஏக்கர் பண்ணைக்குள் முதலைகள் பெருகின. இனத்தைப் பெருக்கத் தொடங்கிய அதே இடத்தில், பெருகாமல் தடுக்க முட்டைகளை அகற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. கடைசியில் 1000 நன்னீர் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் மையத்துக்கு அனுப்ப அனுமதி வழங்கப்பட்டது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022ல் தள்ளுபடி செய்தது.

பண்ணை தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஆனால் வெளியே இடமில்லாமல் போனதால், அடைக்கலமாகத் தொடங்கியது பல முதலைகளுக்கு ஆயுள்காலச் சிறையாக முடிந்தது.

பாலைவன மானின் கதை

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கு அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மானைத் தெரிந்திருக்கும். கத்தார் ஏர்வேஸ் விமானங்களில் இருக்கும் சின்னம் அதுதான். வேட்டையால் 1972ல் அது காடுகளிலும் பாலைவனங்களிலும் முற்றிலும் இல்லாமல் போனது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் உயிரியல் பூங்காவில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வழியில் வந்த மான்களை 1982ல் ஓமன் பாலைவனத்தில் விட்டார்கள். அந்த இனம் மீண்டு வந்ததில் பூங்காவுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் ஓமனில் கள்ள வேட்டை மீண்டும் தலைதூக்கியது. சரணாலயத்தின் பரப்பளவும் 90 சதவீதம் குறைக்கப்பட்டது. 2007ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. பூங்கா காப்பாற்றிக் கொடுத்ததை வெளியே இருந்தவர்கள் காப்பாற்றவில்லை.

கூண்டால் கொடுக்க முடியாதவை

வண்டலூர் பூங்காவின் வேர் 1855ல் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட விலங்குக் காட்சியில் இருக்கிறது. நகரத்துக்குள் நெருக்கடியில் இருந்த அந்தப் பூங்கா 1985ல் வண்டலூரில் சுமார் 600 ஹெக்டேர் பரப்புக்கு மாறியது. கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்த வெளிகள் வந்தன. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 2021 ஜூனில் அங்கே சிங்கங்களைக் கொரோனா தாக்கியது. 9 வயதுப் பெண் சிங்கம் நீலாவும், அடுத்த சில நாட்களில் 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தன. மருத்துவர்கள் போராடி மற்றவற்றைக் காப்பாற்றினார்கள். நோய் வந்தால் விலகிப் போகக்கூட அடைபட்ட உயிருக்கு வழியில்லை.

எல்லா உயிர்களும் அடைப்பை ஒரே மாதிரி தாங்குவதில்லை. ஊனுண்ணிகளில், இயல்பில் வெகுதூரம் அலையும் விலங்குகளே கூண்டில் அதிகம் துன்பப்படுகின்றன என்று 2003ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கூறியது. ஒரே தடத்தில் ஓயாமல் நடப்பது, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது எல்லாம் அந்தத் துன்பத்தின் அடையாளங்கள். உயிரியல் பூங்காக்களில் யானைகளை வைத்திருக்கக் கூடாது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009ல் உத்தரவிட்டதற்கும் அவற்றின் இந்த இயல்பே காரணம்.

திரும்பப் போகும் பாம்புகள்

முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து வந்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, விஷம் எடுக்கிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அது பயன்படுகிறது. பிறகு, அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாதபடி அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு வெளியே விட்டுவிடுகிறார்கள். இங்கே காரணமும் உண்டு, கெடுவும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

பூங்காவுக்குப் போகவே கூடாது என்பதல்ல நம் கருத்து. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆனால், அசையாமல் வாய் பிளந்து கிடக்கும் முதலை மீது கல்லெறிய விடாதீர்கள். உடல் வெப்பத்தைச் சீர்செய்யவே அது அப்படிக் கிடக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும் அவற்றுக்குத் தீனி போடுவதும் சட்டப்படி குற்றம். வீட்டுக் கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் அப்படியே. வாங்க ஆளிருப்பதால்தான் மரப்பொந்துகளிலிருந்து குஞ்சுகளைத் திருடுகிறார்கள்.

முடிந்தால் அதே மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கலுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே கூண்டு கிடையாது. பறவைகள் தாமாக வருகின்றன, குஞ்சு பொரிக்கின்றன, தாமாகவே திரும்பிப் போகின்றன. அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஏரியையும் மரங்களையும் காத்து வந்தவர்கள் அவ்வூர் மக்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் அவர்களுடைய வயலுக்கு உரமானது.

ஒரு பூங்கா நல்லதா கெட்டதா என்பதற்கான விடையில் பாதி அதன் மதிலுக்கு வெளியே இருக்கிறது. நம் ஊர் ஏரியில் குப்பை கொட்டாமலும், அதைத் தூர்த்து மனை போடாமலும் இருந்தால்தான், அடைத்து வளர்த்த உயிர்களைத் திறந்துவிட ஓர் இடம் மிஞ்சும். பிள்ளை கேட்ட கேள்விக்கு நாம் சொல்ல வேண்டிய பதிலில் இதுவும் சேர்ந்தே இருக்கட்டும்.