கடற்பசுவும் கடற்புல்லும்

கடலில் வாழ்வன யாவும் மீன்கள் அல்ல. கடலில் முளைப்பன யாவும் பாசிகளும் அல்ல. இதற்குச் சான்றாக, ஜொகூர் மாநிலத்தின் சிபு, திங்கி தீவுகளை ஒட்டிய கடலில் காணப்படும் இரண்டு உயிரினங்களை ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று, மலாய் மொழியில் டுயோங் என வழங்கும் கடற்பசு. மற்றொன்று, அது விரும்பி மேயும் ஹலோஃபிலா ஓவாலிஸ் என்னும் கடற்புல்.

இவ்விரண்டின் முன்னோரும் நிலத்தில் வாழ்ந்து, பின்னர் கடல் புகுந்தவையாகும். கடற்பசு யானைக்கு உறவுடையது. நுரையீரலால் சுவாசிப்பதால், சில நிமிடங்களுக்கு ஒரு முறை நீர்மட்டத்திற்கு வருகிறது, கன்றுக்குப் பாலூட்டுகிறது. கடற்புல்லுக்கும் நிலத்துச் செடிகளைப் போல வேர், தண்டு, இலை, பூ, விதை ஆகிய அனைத்தும் உண்டு. வண்டு செய்யும் வேலையைக் கடல்நீரே செய்து, மகரந்தத்தைப் பெண் பூவிடம் சேர்க்கிறது.

இனி வேற்றுமையைக் காண்போம். கடற்பசு சுமார் 3 மீட்டர் நீளமும் 400 கிலோகிராம் எடையும் கொண்டது. 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். புல்லின் இலையோ சில சென்டிமீட்டர் நீளமே. எனினும், மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து விரைவில் தழைப்பதால், மேய்ந்த இடம் சில மாதங்களில் மீண்டும் பசுமை பெறுகிறது.

ஆயினும், சூரிய ஒளி இன்றிப் புல் பிழைக்காது. 1992ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஹார்வி விரிகுடாவில் வெள்ளமும் புயலும் கடலைக் கலக்கியபோது, சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல் அழிந்தது. கடற்பசுக்கள் பல பட்டினியால் மடிந்தன.

தோட்டத்தில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. மறுநடவின்போது வெறுமையாகக் கிடக்கும் மேட்டு நிலத்தின் மண், மழையில் கரைந்து, ஓடை வழியே ஆற்றையும் ஆற்றின் வழியே கடலையும் அடைகிறது. நிலத்தை மூடிப் படரும் கொடிப்பயிரை வெட்டாமல் காப்பதும், மண் தேங்கும் குழிகளைத் தூர்ந்துபோக விடாமல் வைத்திருப்பதும் ரப்பர் மரத்தின் வேருக்கு நன்மை தரும். தொலைவிலுள்ள கடலையும் தெளிவாக வைத்திருக்கும்.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் மீன்வள விதிமுறைகள் கடற்பசுவுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. வலையில் சிக்கிய கடற்பசுவைக் கண்டால், உடனே மீன்வளத் துறைக்குத் தெரிவிப்போமாக. புல் விரைவில் மீளும். இழந்த ஒரு தாய்ப்பசுவை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் ஆகும் என்பதை நாம் மறவாதிருப்போம்.