உவர் நீரில் விளையும் நெல்: திருப்பூணித்துறையும் பொக்காளி வயல்களும்

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கொச்சி நகரின் தென்கிழக்கே அமைந்துள்ள ஊர் திருப்பூணித்துறை. கொச்சி சமஸ்தானம் 1949ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருவிதாங்கூருடன் இணையும் வரை, அதன் மன்னர்கள் இங்கு வாழ்ந்தனர். பூர்ணத்திரயீசர் கோயிலும், 1865இல் எழுந்து 1986 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் குன்றின்மேல் அரண்மனையும் இவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தன. ஆயினும் இதைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் தொழிலையும் உணவையும் வகுத்துத் தந்தவை காயலின் ஏற்றவற்றங்களே. அதற்குத் தலைசிறந்த சான்று பொக்காளி நெல் வேளாண்மை.

நிலத்தின் இயல்பு

1958ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைக்கப்பட்ட எர்ணாகுளம் மாவட்டம், கிழக்கே மலைச்சரிவு, நடுவே மேட்டு நிலம், மேற்கே கடலோரத் தாழ்நிலம் என மூன்று பகுதிகளாக அமைந்தது. கிழக்கில் ரப்பரும் அன்னாசியும் பயிராகின்றன. பெரியாறும் மூவாற்றுப்புழையும் மலையிலிருந்து கொண்டுவரும் நன்னீர், தாழ்நிலத்தில் காயலோடு கலக்கிறது. பண்டைய முசிறியைத் தூர்த்து, கொச்சித் துறைமுகத்திற்கு வழி திறந்தது 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளமே என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஜூன் மாதம் பருவமழை தொடங்கியதும் ஆற்று வெள்ளம் காயலின் உப்பைக் கடலை நோக்கித் தள்ளுகிறது. மழை ஓய்ந்தபின் கடல்நீர் மீண்டும் உள்ளே ஏறுகிறது. ஆகவே ஒரே வயல் ஆண்டில் பாதி நாள் நன்னீரிலும் பாதி நாள் உவர் நீரிலும் மூழ்கிக் கிடக்கிறது. தமிழ் இலக்கண மரபு மருதம், நெய்தல் என இரு திணைகளாகப் பிரித்துக் கூறும் வாழ்க்கை, இங்கு ஒரே நிலத்தில் பருவத்திற்கொன்றாக நடைபெறுகிறது எனலாம்.

பாதி ஆண்டு நெல், பாதி ஆண்டு இறால்

கடமக்குடி, ஏழிக்கரை, கும்பளங்கி, செல்லானம் போன்ற ஊர்களில் இம்முறையைக் காணலாம். ஏப்ரல் நடுவில் வயல்நீரை வடித்து, மண்ணைச் சிறு குவியல்களாகக் கூட்டி வைப்பர். மழை பெய்யும்போது குவியல்களின் உப்பு கரைந்து வடிந்துவிடும். பின்னர் முளைகட்டிய விதையை அவற்றின் மீது தூவுவர். நாற்று ஓரளவு வளர்ந்ததும், குவியலை மண்ணோடு வெட்டி வயல் முழுவதும் பரப்புவர். இதன்பின் உரமோ பூச்சிமருந்தோ இடுவதில்லை. ஏற்றவற்றத்தோடு வந்து படியும் வண்டலே உரமாகும்.

ஆளுயரத்திற்கும் மேலாக வளரும் இப்பயிர், முற்றியதும் சாய்ந்து, கதிர் மட்டும் நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுத்தெடுப்பர். தாள் வயலிலேயே விடப்படும்.

நவம்பர் நடுவிலிருந்து அடுத்த ஏப்ரல் நடுவு வரை அதே வயலில் இறால் வளர்கிறது. வரப்பில் அமைந்த மதகைத் தமிழைப் போலவே இங்கும் தூம்பு என்றே வழங்குகின்றனர். ஏற்றத்தின்போது தூம்பைத் திறந்தால், காயல்நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். அழுகும் நெல்தாளில் பெருகும் நுண்ணுயிர்கள் அவற்றிற்கு இரையாகின்றன. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி, வற்றத்தின்போது தூம்பில் வலை கட்டி, வளர்ந்த இறாலைப் பிடிப்பர். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகிறது. நெல் இறாலுக்கும், இறால் நெல்லுக்கும் உணவளிப்பதே இம்முறையின் உயிர்நாடி.

உழைக்கும் மக்கள்

இத்தாழ்நிலத்தில் வரப்பு கட்டி, சேற்றில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள். 1913ஆம் ஆண்டில், நிலத்தில் கூடுவதற்கு அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் எர்ணாகுளம் காயலில் படகுகளைப் பிணைத்து, நீரின் மீதே மாநாடு நடத்தினர். ‘காயல் சம்மேளனம்’ எனப்படும் இந்நிகழ்ச்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர், மீனவர் குலத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கறுப்பன். அதன் விளைவாகக் கொச்சிப் புலைய மகாஜன சபை உருவாயிற்று.

இத்தகைய மக்கள் இயக்கங்களின் மரபு பிற்காலத்திலும் பயன் தந்தது. 1989இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கத்தின் பயனாக, 1990 பிப்ரவரியில் நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது.

விழாவிலும் இம்மாற்றம் தெரிகிறது. சிங்க மாதத்து அத்த நாளில் மன்னர் பவனி வந்த ‘அத்தச்சமயம்’ 1949க்குப் பின் நின்றுபோய், 1961 முதல் மக்கள் விழாவாக மறுபிறப்பு எய்தியது. அன்று ஊர்திகளும் நாட்டுப்புறக் கலைகளும் திருப்பூணித்துறை வீதிகளை நிறைக்கின்றன. ஆடவரே ஆடிவந்த கதகளியை ஆட, 1975இல் இவ்வூரில் மகளிர் குழு ஒன்று தோன்றியது. அக்குழு 2016ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருதையும் பெற்றது.

சுருங்கி வரும் வயல்

பொக்காளியின் மதிப்பை அறிவியல் நன்கு உணர்ந்துள்ளது. 1963இல் வைற்றிலையில் நிறுவப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம், இதிலிருந்து மேம்பட்ட ரகங்களை உருவாக்கியது. இந்நெல்லில் கண்டறியப்பட்ட ‘சால்டால்’ என்னும் மரபணுப் பகுதியைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பிற ரகங்களில் சேர்த்து, உவர் நிலங்களுக்கேற்ற நெல்லை உருவாக்கி வருகிறது. பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

ஆனால் அந்நெல் பிறந்த மண்ணிலேயே அதன் பரப்பு சுருங்குகிறது. மென்சேற்றில் இறங்கும் எந்திரம் இல்லை. அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிது. இறாலோ குறைந்த ஆளைக்கொண்டு மிகுந்த பணம் தருகிறது. ஆகவே நிலவுடைமையாளர் சிலர் ஏப்ரலுக்குப் பின்னும் உவர் நீரை வடிக்காமல், ஆண்டு முழுவதும் இறாலையே நாடுகின்றனர். அப்போது கூலி இழப்பவர்கள் நெல் வேலையை நம்பிய குடும்பங்கள், குறிப்பாக அறுவடை செய்யும் பெண்கள். வயலை ஒட்டிய வீடுகளின் சுவரையும் கிணற்றையும் உப்பு அரிக்கிறது. 2024 மார்ச்சில் திருப்பூணித்துறை வரை மெட்ரோ ரயில் வந்துள்ள நிலையில், மனை நிலத்திற்கான தேவையும் கூடியுள்ளது.

நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. வேம்பநாட்டுக் காயல் 2002 முதல் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளது. நிலத்தைத் தூர்ப்பதைச் சட்டம் தடுக்கலாம். விதைக்க வைப்பது அதனால் மட்டும் இயலாது. உரிய நாளில் நீரை வடிக்கும் ஒழுங்கு, சேற்றுக்கேற்ற சிறு எந்திரம், பொக்காளி அரிசிக்கு அதன் உழைப்பிற்கு ஈடான விலை, இறால் வருவாயில் உழைப்பாளிக்கும் ஒரு பங்கு ஆகியவை சேர்ந்தாலன்றி விதைப்பு நீடிக்காது.

கடல்மட்டம் உயர்ந்து வரும் இக்காலத்தில், நாகப்பட்டினம் முதலான கடலோர மாவட்டங்களும் உவர் நிலத்தோடு போராடுகின்றன. உப்பை விரட்டாமல், அதன் பருவமறிந்து பயிரிடும் அறிவு கொச்சிக் காயலோரத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. விதையைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் காக்கலாம். குவியல் கூட்டும் பக்குவமும் தூம்பு திறக்கும் நேரமும் அறிந்த கைகளை அவ்வாறு காக்க இயலாது. அவை வயலில் இருந்தால்தான் அந்த அறிவும் நிலைக்கும்.