வெளியீட்டுப் பலகையும் டெர்மினலும்

எடிட்டரை மூடாமலேயே ஸ்கிரிப்டை இயக்கிப் பார்க்கும் வசதி புதியதன்று. 1970களில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய வி.ஐ. எடிட்டரிலேயே, ஆச்சரியக்குறியை அடுத்து ஒரு கட்டளையைத் தட்டினால், கட்டளைகளை வாங்கி இயங்குதளத்திடம் சேர்க்கும் ஷெல் என்ற நிரல் அதை இயக்கும். விடை டெர்மினலிலேயே தோன்றும். சப்லைம் டெக்ஸ்ட் போன்ற பிற்கால எடிட்டர்கள் விடையைத் தமக்குள் ஒரு பலகையில் காட்ட முற்பட்டபோது, நிரலுக்கும் திரைக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்து, ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலுக்குக் கடத்தும் 'பைப்' அவ்விடத்தைப் பிடித்தது. புதிதாக நிரல் எழுதுவோர் படும் குழப்பங்களில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

பைத்தான் நிரல் தொடங்கும்போதே தன் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று இயங்குதளத்திடம் கேட்டறிகிறது. டெர்மினல் என்றால், ஒவ்வொரு வரி முடிந்ததும் அதை அனுப்பிவிடுகிறது. பைப் என்றால், அடிக்கடி எழுதும் செலவை மிச்சப்படுத்த, வரிகளைப் 'பஃபர்' எனப்படும் தற்காலிக நினைவிடத்தில் சேர்த்து, அது நிரம்பிய பிறகோ நிரல் முடியும்போதோதான் மொத்தமாக வெளியிடுகிறது. நொடிக்கொரு வரி அச்சிட வேண்டிய ஸ்கிரிப்ட் பலகையில் ஊமையாகக் கிடந்து, இறுதியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவதற்கு இதுவே காரணம். பிழைச்செய்திகளோ 'ஸ்டாண்டர்டு எரர்' என்ற தனி வழியில் முந்திக்கொண்டு வருவதால், பிழைக்கு முன் அச்சான வரிகள் பிழைச்செய்திக்குக் கீழே தோன்றி, நடந்த வரிசையையே தலைகீழாகக் காட்டுவதும் உண்டு. இதைத் தவிர்க்கவே சப்லைம் டெக்ஸ்ட் தன் பைத்தான் அமைப்பில், பஃபரில் தேக்காமல் எழுதச் சொல்லும் '-யு' என்ற விருப்பத்தேர்வை முன்கூட்டியே சேர்த்திருக்கிறது.

தமிழில் அச்சிடுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 3.6ஆம் பதிப்பு முதல் பைத்தான் விண்டோஸ் டெர்மினலுக்கு யூனிகோடிலேயே எழுதுகிறது. ஆனால் வெளியீடு பைப்புக்குப் போனால், கணினியின் பழைய எழுத்துக்குறியீட்டுத் தொகுதியை அது நாடுவது வழக்கமாக இருந்தது. அத்தொகுதியில் தமிழ் எழுத்துகள் இல்லாதபோது, டெர்மினலில் 'வணக்கம்' என்று அச்சிட்ட அதே ஸ்கிரிப்ட் எடிட்டரின் பலகையில் பிழை காட்டி நின்றுவிடும். 'பைத்தான்ஐஓஎன்கோடிங்' என்ற சூழல்மாறியில் யுடிஎஃப்-8 என்று குறித்துவிட்டால் இது தீரும்.

சப்லைமின் பலகைக்கு விசைப்பலகை உள்ளீட்டை நிரலிடம் சேர்க்கும் வழியும் இல்லை. பயனரிடம் பெயர் கேட்கும் ஸ்கிரிப்ட், கேட்ட இடத்திலேயே பிழையுடன் முறிந்துபோகும். அத்தகையவற்றை விஷுவல் ஸ்டுடியோ கோட் தரும் உள்டெர்மினலில் ஓட்டுவதே முறை. நிரலின் கண்ணுக்கு அது மெய்யான டெர்மினலாகவே தெரியும். எனினும், பிழைச்செய்தியிலுள்ள கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் இனங்கண்டு, அந்த வரிக்கே கர்சரைக் கொண்டுசேர்க்கும் வசதிக்காகவே, உள்ளீடு கேட்காத சிறு ஸ்கிரிப்டுகளுக்குப் பலகையே மேல்.