இரண்டு சிறு இரும்புத் துண்டுகள் சொல்லும் கணக்கு

"இந்த முக்கோணக் கணக்கெல்லாம் படித்து என்ன பயன், சார்?" கம்போங் மேடானில் மாலை நேர வகுப்புக்கு வரும் படிவம் மூன்று மாணவர்கள் மட்டுமல்ல, கிள்ளான் வரை எந்த வகுப்பறையிலும் எழும் கேள்வி இது. பதில் பல இடங்களில் இருக்கிறது. அவற்றுள் ஒன்று, பழைய துப்பாக்கியின் குழல் மேல் நகத்தளவே உள்ள இரண்டு இரும்புத் துண்டுகளில் இருக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. அது நம் முன்னோர் கதையோடு தொடர்புடையது.

குறி இல்லாத காலம்

நாம் பேசப்போவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பற்றி. குழலின் வாய் வழியாக முதலில் வெடிமருந்தைக் கொட்டி, பிறகு ஈயக் குண்டைப் போட்டு, நீண்ட கோலால் இடித்து இறக்கவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் வெகுகாலம் தூக்கிச் சுமந்தது 'பிரவுன் பெஸ்' என்ற துப்பாக்கியை. 1806 வேலூர்ப் புரட்சிக் காலத்திலும் இந்த வகைதான் புழக்கத்தில் இருந்தது. அதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். குழல் முனையில் துப்பாக்கிக் கத்தியை மாட்ட ஒரு சிறு முனை உண்டு. குறி பார்க்கவும் அதுவேதான். கண்ணருகே பின்குறி கிடையாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

1853-இல் வந்த என்ஃபீல்டு துப்பாக்கி இதை மாற்றியது. இதுவும் வாய்வழி மருந்து கெட்டிப்பதுதான். ஆனால் 39 அங்குலக் குழலின் உட்புறத்தில் திருகாணியின் புரிபோல மூன்று பள்ளங்கள் சுழன்று செல்லும். குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு பம்பரமாகச் சுழன்று வெளியேறும். சுழல்வதால் திசை மாறாமல் பறக்கும். குண்டு நேராகப் போகத் தொடங்கியதும், அதை எங்கே அனுப்புகிறோம் என்று அளந்து பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. என்ஃபீல்டின் பின்குறி அந்தக் கருவி. படிக்கட்டு போன்ற அமைப்பில் 100 முதல் 400 கஜம் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், மடக்கி நிமிர்த்தும் சிறிய ஏணி ஒன்று 900 கஜத்துக்கும் அளவு காட்டியது.

இரண்டு புள்ளி, ஒரு கோடு

கண்ணுக்கு அருகில் உள்ள பள்ளமிட்ட துண்டு பின்குறி. குழல் முனையில் நிற்கும் துண்டு முன்குறி. பின்குறியின் பள்ளத்தில் முன்குறியைப் பொருத்தி, அதன் தலையில் இலக்கை வைத்தால் கண்ணிலிருந்து இலக்கு வரை ஒரு நேர்கோடு கிடைக்கும். பார்வை நேர்கோட்டில் போகும். குண்டு அப்படிப் போகாது. குழலை விட்ட நொடியிலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. அதனால்தான் தூரம் கூடக் கூடப் பின்குறியை உயர்த்துகிறார்கள். பின்குறி உயர்ந்தால், கோட்டைச் சரிசெய்யச் சுடுபவர் குழல் முனையைச் சற்று மேலே தூக்குவார். குண்டு வளைந்து சென்று இலக்கில் இறங்கும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்தவேண்டும். முன்குறியை நகர்த்தினால் எதிர்ப்பக்கம் நகர்த்தவேண்டும். குண்டு கீழே படுகிறதா? பின்குறியை உயர்த்தலாம், அல்லது முன்குறியின் உயரத்தைக் குறைக்கலாம். இரண்டும் ஒன்றே.

1.6 மில்லிமீட்டர்

எவ்வளவு நகர்த்துவது? இங்கேதான் வடிவொத்த முக்கோணம் வருகிறது.

ஒரு துப்பாக்கியில் இரண்டு குறிகளுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தூரத்தில் உள்ள பலகையில் குண்டுகள் 10 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளிப் படுகின்றன. பெரிய முக்கோணத்தின் நீளம் 50 மீட்டர், அதாவது 5000 சென்டிமீட்டர், அடிப்பக்கம் 10. சிறிய முக்கோணத்தின் நீளம் 80. அதன் அடிப்பக்கம்தான் நமக்கு வேண்டும்.

10 × 80 ÷ 5000 = 0.16 சென்டிமீட்டர்.

வெறும் 1.6 மில்லிமீட்டர்! பின்குறியை இவ்வளவு மட்டும் வலப்பக்கம் தள்ளினால் போதும். கண்ணளவாக "கொஞ்சம் தள்ளுவோம்" என்று அரை சென்டிமீட்டர் தள்ளியவரின் குண்டு, இப்போது மறுபக்கம் இருபது சென்டிமீட்டருக்கு மேல் விலகிப் போயிருக்கும்.

அரத்தை எடுக்கும் முன்

பழைய துப்பாக்கிகள் பலவற்றில் குறிகளைத் திருகித் திருப்பும் வசதி இல்லை. குழலில் அடி அகன்று மேல் குறுகிய பள்ளம் ஒன்றை வெட்டி, அதில் குறியைப் பக்கவாட்டில் இறுக்கிச் செருகியிருப்பார்கள். இரும்பைக் காயப்படுத்தாத பித்தளைத் தண்டை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் நகர்த்தவேண்டும். தட்டுவதற்கு முன் குழலிலும் குறியிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொள்வார்கள். எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்தக் கோடு சொல்லும்.

உயரத்தைச் சரிசெய்வது இதைவிட நுட்பமான வேலை. புதிதாக மாட்டும் முன்குறியை வேண்டுமென்றே சற்று உயரமாக வைப்பார்கள். குண்டு கீழே படும். பிறகு அரத்தால் முன்குறியின் தலையைச் சிறிது சிறிதாக ராவி, குண்டை மேலே கொண்டுவருவார்கள். கணக்கு 1.6 மில்லிமீட்டர் என்று சொன்னால் முதலில் பாதியளவே ராவுவார்கள். சுட்டுப் பார்த்த பிறகே மீதி. ராவிய இரும்பை மறுபடி ஒட்ட முடியாது. கூடிப்போனால் புதிய முன்குறிதான் மாட்டவேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: தவறு குறியில்தானா? ஒரே ஒரு குண்டைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஐந்து குண்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாகப் பட்டு, அந்தக் கூட்டம் மொத்தமாகத் தள்ளியிருந்தால் மட்டுமே குறியில் கோளாறு. ஐந்தும் ஐந்து மூலையில் சிதறினால், காரணம் வேறு. மருந்தின் அளவு ஒவ்வொரு முறையும் மாறியிருக்கலாம். குழலில் கரி படிந்திருக்கலாம். பிடித்த கை ஆடியிருக்கலாம். அப்போது குறியில் கை வைப்பது, சரியான கடிகாரத்தைத் திருப்பி வைப்பது போன்ற வேலை.

தேர்வுத் தாளில் மதிப்பெண் குறைந்தவர்களும் இதை நினைத்துப் பார்க்கலாம். எல்லாக் கேள்வியிலும் ஒரே வகைத் தவறு என்றால், ஒரு பாடத்தைச் சரிசெய்தால் போதும். தவறுகள் அங்குமிங்கும் சிதறியிருந்தால், சரிசெய்யவேண்டியது படிக்கும் பழக்கத்தை.

பறிக்கப்பட்ட பின்குறி

என்ஃபீல்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க இந்தியாவில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. 1857 தொடக்கத்தில் டம்டமில்தான், தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டுள்ளது என்ற பேச்சு பரவியது. மே 10 அன்று மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. கொழுப்புத் தோட்டாவின் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அடுத்து நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858-இல் என்ஃபீல்டை மாற்றி அமைத்தார்கள். குழலின் உட்புரிகளைக் கடைந்து நீக்கி வழவழப்பாக்கினார்கள். தூரத்துக்கு ஏற்ப உயர்த்தும் பின்குறியை எடுத்துவிட்டு, அசையாத குறி ஒன்றை வைத்தார்கள். குழல் மெலிந்து எளிதில் வளைந்துபோனதால், 1859-இல் தடித்த குழலோடு மறுபடி செய்தார்கள். வெளியில் இருந்து பார்த்தால் அதே துப்பாக்கி. ஆனால் வெள்ளைச் சிப்பாயின் கையில் இருப்பது தூரத்தை அளக்கும்; இந்தியச் சிப்பாயின் கையில் இருப்பது அளக்காது.

ஆளும் அரசு துப்பாக்கியைப் பறிக்கவில்லை. துல்லியத்தைப் பறித்தது. ஒருவரைப் பின்னுக்குத் தள்ள அவர் கையில் உள்ள கருவியைப் பிடுங்க வேண்டியதில்லை. அளவு பார்க்கும் வழியை அடைத்துவிட்டால் போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று

இன்றைய ஒலிம்பிக் துப்பாக்கிகளில் திருகைத் திருப்பினால் குறி நுண்ணிய அளவில் நகரும். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான இலக்கு அரை மில்லிமீட்டர் பொட்டுதான். நம் நாட்டின் நூர் சுர்யானி தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இப்போட்டியில் நின்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் இதே பிரிவில் தங்கம் வென்றார். இருவரும் நம்பியது அந்தப் பழைய முக்கோணத்தைத்தான்.

ஓர் எச்சரிக்கை. 1960 ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் கடுங்குற்றம். பழையது, நாட்டுத் துப்பாக்கி என்பதெல்லாம் சாக்கு ஆகாது. ஆர்வம் உள்ளவர்கள் முறையான சங்கங்களில், பயிற்றுநர் மேற்பார்வையில் மட்டுமே பழகவேண்டும்.

செய்து பாருங்கள்

கணக்கைச் சோதிக்கத் துப்பாக்கி தேவையில்லை. 30 சென்டிமீட்டர் அடிக்கோலின் இரு முனையிலும் சிறிது களிமண் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசியை நிமிர்த்திக் குத்துங்கள். அடிக்கோலை மேசையில் அசையாமல் ஒட்டிவையுங்கள். முன் ஊசியிலிருந்து 3 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். ஒரு கண்ணை மூடி, இரண்டு ஊசியும் ஒன்றாகத் தெரியும்படி பாருங்கள். அவை காட்டும் இடத்தில் நண்பரைப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இப்போது கண்ணருகே உள்ள ஊசியை மட்டும் 1 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி மறுபடி பாருங்கள்.

புள்ளி எந்தப் பக்கம், எவ்வளவு நகரும்? முதலில் கணக்குப் போட்டு விடையை எழுதுங்கள். பிறகு சுவரில் அளந்து பாருங்கள். 1 சென்டிமீட்டர் இடப்பக்கம் என்று வந்தால், வடிவொத்த முக்கோணம் எதற்கு என்ற கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.