இரண்டாம் நிக்காஹ்வும் வெளிநாட்டுக் குடியுரிமையும்

தங்கள் மகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வரன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் நல்ல உத்தியோகம். வயது சற்றுக் கூடுதல். "முன்பு ஒரு கல்யாணம் நடந்தது. ஒத்துவரவில்லை, முடித்துவிட்டோம்" என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். தாங்கள் மஹரைப் பற்றிப் பேசுவீர்கள். சம்பளம், குணம், தொழுகை ஆகியவற்றை விசாரிப்பீர்கள். அந்த முதல் மணம் எங்கே, எப்போது, எந்த முறையில் முடிந்தது என்று கேட்பீர்களா? அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினால், நாளை விசா அதிகாரியின் முன்னே தங்கள் மகள் மனைவி என்னும் தகுதியின்றி நிற்க நேரிடலாம்.

இங்கே செல்வது அங்கே செல்லுமா?

மனைவியரிடையே நீதி என்னும் கடுமையான நிபந்தனையுடன் நான்கு வரை மணமுடிக்க ஷரீஅத் அனுமதி தருகிறது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி, தமிழ்நாட்டில் முஸ்லிம் ஆண் செய்துகொள்ளும் இரண்டாம் நிக்காஹ்வை அரசுச் சட்டமும் ஏற்கிறது. ஆனால் வேறொரு நாட்டில் குடியேற விண்ணப்பிக்கும்போது, மனைவி யார் என்பதை அந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கிறது. நம் பள்ளிவாசல் பதிவேட்டில் உள்ள கையெழுத்து உண்மையானதாகவே இருக்கலாம்; எனினும் அங்கே அது மட்டும் போதாது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். பலதார மணம் புரிந்தோர் குடியேறுவதற்கு அந்நாடு 1891-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. அங்கு வந்து பலதார மணவாழ்வு நடத்தும் நோக்கமுடையோருக்கு இன்றும் குடியேற்ற அனுமதி இல்லை. சட்டப்படி முறியாத முதல் மணமே அங்கே செல்லும். அது நிலைத்திருக்கும்போது செய்த இரண்டாம் நிக்காஹ், நடந்த ஊரில் முறையானதே எனினும், குடியேற்றத்துக்குப் பயன்படாது.

குடியுரிமை கேட்கும்போது சோதனை இன்னும் நெருங்கி வருகிறது. கிரீன் கார்டு பெற்றவர் பொதுவாக 5 ஆண்டுகளுக்குப் பின்னும், அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து உடன் வாழ்பவர் 3 ஆண்டுகளுக்குப் பின்னும் விண்ணப்பிக்கலாம். அந்தக் கால அளவில் நன்னடத்தை உடையவராக இருந்தார் என்று காட்ட வேண்டும். அக்காலத்தில் பலதார மணவாழ்வு நடத்தியவர் நன்னடத்தை உடையவராகக் கருதப்படமாட்டார். ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேற்பட்டோருடன் மணபந்தத்தில் இருந்ததுண்டா என்று விண்ணப்பப் படிவமே கேட்கிறது.

பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இவ்வழியை அடைத்தது. ஒருவரின் மனைவி என்ற தகுதியில் ஒரு பெண் ஏற்கெனவே அங்கு வந்திருந்தால், அவருடைய மற்றொரு மனைவிக்கு அதே தகுதியில் அனுமதி கிடைக்காது. இங்கிலாந்தையே நிலையான தாயகமாக ஆக்கிக்கொண்ட ஒருவர், முதல் மனைவி இருக்கும்போது ஊருக்கு வந்து இரண்டாம் நிக்காஹ் செய்தால், 1973-ஆம் ஆண்டின் சட்டப்படி அம்மணம் அங்கே செல்லாது. இதன் சுமை பிள்ளைகள் மீதும் விழுந்தது. 2006 ஜூலை 1-க்கு முன் பிறந்த பிள்ளைகள் தந்தைவழியில் பிரிட்டிஷ் குடியுரிமை பெற, பெற்றோரின் மணம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அந்நாளுக்குப் பின் பிறந்தோர் தந்தை இன்னார் என்பதை மெய்ப்பிக்க வேறு வழி திறந்தது. பிள்ளைக்குத் திறந்த அந்த வழி தாய்க்குத் திறக்கவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் குடும்பங்கள் பல உண்டு. அவர்களும் அறிய வேண்டிய செய்தி இது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், இரு மனைவியருடன் பிரான்சில் வாழும் வெளிநாட்டவருக்கு வசிப்பு அனுமதி அட்டை வழங்கப்படுவதில்லை. பிரெஞ்சுக் குடிமக்களை மணந்ததன் வழியே குடியுரிமை கோருபவர் பலதார மணவாழ்வில் இருந்தால், அரசு அதை மறுக்கலாம் என்பதை 2006-இல் செய்த சட்டத்திருத்தம் வெளிப்படையாகவே கூறுகிறது.

அறியாமல் இருவருக்குக் கணவரானோர்

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். தமக்கு இரண்டு மனைவியர் என்பதைத் தாமே அறியாத ஆண்களும் உண்டு. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்லி, "முடித்துவிட்டேன்" என்று நம்பி மறுமணம் செய்தவர்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று இத்தகைய தலாக்கைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் சட்டம் அதை 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அவ்வாறு சொன்னவரின் முதல் மணம் சட்டத்தின் பார்வையில் முறியவே இல்லை. பிரிட்டனில் இருந்துகொண்டு தொலைபேசியில் சொல்லும் தலாக்கையும் அந்நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை. அங்கே செய்யும் மணவிலக்கை அங்குள்ள நீதிமன்றமே வழங்க வேண்டும்.

மறைப்பதால் வரும் கேடு

"சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று சிலர் யோசனை கூறுவர். முதல் மனைவியை மறைப்பதும், இரண்டாம் மனைவியை உறவுக்காரப் பெண் என்று எழுதுவதும் பொய் வாக்குமூலமே. முக்கியமான உண்மையை மறைத்துக் குடியுரிமை பெற்றிருந்தால், அமெரிக்க அரசு எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் வழக்குத் தொடுத்து அதைப் பறிக்க முயலலாம். பிரிட்டனிலும் மோசடியால் பெற்ற குடியுரிமையைப் பறிக்கச் சட்டம் உண்டு. பொய் சொல்லலாகாது என்று நம் மார்க்கமே தடுத்திருக்கும்போது, அதன் மீது குடும்பத்தின் எதிர்காலத்தைக் கட்டலாமா?

பெற்றோர்களே, நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளையின் ஜமாஅத்திலிருந்து தடையில்லாச் சான்று கேளுங்கள். அத்தோடு நின்றுவிடாதீர்கள். முன்பு மணமானவர் என்றால் மணவிலக்கின் ஆவணத்தையும் கேட்டு, அது அவர் வாழும் நாட்டில் செல்லுமா என்று அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, பதிவேட்டில் முந்தைய மணத்தையும் அது முடிந்த விதத்தையும் தெளிவாக எழுதி வையுங்கள். ஏற்கெனவே இந்தச் சிக்கலில் இருப்போர் எதையும் மறைக்காமல், விண்ணப்பிப்பதற்கு முன்பே வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

நீதி செய்ய இயலாதென அஞ்சினால் ஒருத்தியே போதும் என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. ஒருத்தியைக் கடலுக்கு அப்பால் உடன் வைத்துக்கொண்டு, மற்றவளை ஊரிலேயே விசாவுக்காகக் காத்திருக்க வைப்பது அந்த நீதியில் சேருமா? நிக்காஹ் மஜ்லிஸில் அமர்வதற்கு முன் மாப்பிள்ளையும் பெண்வீட்டாரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.