ஆலுவாவில் மண்டபம்: கல்யாணத்துக்கு மட்டும்தானா?

நம்மவர் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. "நமக்கென்று ஒரு இடம் வேண்டும் சார்" என்று ஏலூர் தொழிற்சாலைக்காரரும் சொல்கிறார். பெரும்பாவூர் மர மில்லில் கூலி வேலை பார்ப்பவரும் சொல்கிறார். இடம் என்றதும் எல்லோர் கண்ணிலும் தெரிவது கல்யாண மண்டபம். அங்கேதான் எனக்குச் சங்கடம்.

குமாஸ்தா புத்தியோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். ஆலுவாவில் நிலம் வாங்க இது எந்த மூலைக்கு? ஆகவே வாடகை வருமானம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் நமக்கு ஆடி என்றால் மலையாளிகளுக்கு அது கர்க்கடகம். இரு சாராரும் கல்யாணம் வைக்காத மாதம். மார்கழியிலும் நம்மவர் வர மாட்டார்கள். ஹால் பூட்டிக் கிடந்தாலும் வாட்ச்மேன் சம்பளமும் கட்டிட வரியும் நிற்குமா?

வேடிக்கை என்னவென்றால், அதே ஆடியில்தான் இந்த ஊருக்கு ஒரு மண்டபம் மிகவும் தேவைப்படுகிறது. ஆடி அமாவாசைக்கு மணப்புறத்தில் தர்ப்பணம் செய்யக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். முதல் நாள் இரவே வந்து இறங்கும் குடும்பங்கள் பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வதை நான் பார்க்கிறேன். 2018 ஆகஸ்டில் பெரியாறு ஊருக்குள் புகுந்தபோது யூ.சி. கல்லூரி வளாகமே பெரிய நிவாரண முகாமாயிற்று. மணப்புறத்துச் சிவன் கோயில் மழைக்காலத்தில் மூழ்கினால் சுவாமிக்கு ஆறாட்டு என்பார்கள். நம் மண்டபத்துக்கு அந்த ஆறாட்டு வேண்டாம்! 2018-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டினார்கள். கீழே தண்ணீர் போகும். மேலே ஜனங்கள் தங்குவார்கள். அந்த அமைப்பு நமக்கும் பொருந்தும்.

பம்பாய்த் தமிழரைப் பாருங்கள். ஷண்முகானந்தா சபா 1952-ல் தொடங்கியது. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் அருகே அவர்களுடைய பெரிய அரங்கம் 1963-ல் திறக்கப்பட்டது. 1990-ல் தீ விபத்து; மறுபடி திறக்க 1998 ஆயிற்று. இடையில் எட்டு வருஷம்! ஆனாலும் விடவில்லை. கச்சேரியோடு நிற்காமல் சங்கீத வித்யாலயாவும் மருத்துவ மையமும் அவர்கள் நடத்துகிறார்கள். தீயணைப்பு ஏற்பாட்டைப் பட்ஜெட்டில் கடைசி வரியாக எழுதும் கமிட்டிகள் அந்த எட்டு வருஷத்தை யோசிக்கட்டும்.

இன்னும் அருகில், பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் வெளி மாநிலத் தொழிலாளர் தங்க 'அப்னா கர்' என்ற விடுதியைக் கேரள அரசு 2019-ல் திறந்தது. பொதுச் சமையலறைகளும் உண்டு. வாடகைக் கட்டிலுக்கு அலையும் தொழிலாளிக்கு அது ஒரு மண்டபத்தைவிடப் பெரிது.

சட்ட விஷயம் சுருக்கமாக. இந்தப் பகுதியில் சங்கப் பதிவு 1955-ம் வருஷத்துத் திருவிதாங்கூர்-கொச்சி சட்டப்படி. ஏழு பேர் போதும். நிலத்தில்தான் கண்ணி. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-ல் வந்தது. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது 'டேட்டா பாங்க்'கில் வயலாகப் பதிந்திருக்கிறதா என்று கிருஷி பவனில் முதலில் விசாரியுங்கள். வாங்கிய பிறகு விசாரித்தால் வாழைதான் வைக்கலாம், அதுவும் சந்தேகம்.

மலையாளிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதே ஊரில் 1924-ல் நாராயண குரு சர்வமத சம்மேளனம் கூட்டியபோது தலைமை வகித்தவர் சென்னை ஐகோர்ட் நீதிபதியாயிருந்த சதாசிவ ஐயர். அப்போது யாரும் மொழி பார்க்கவில்லை.

பெரும்பாவூர்த் தொழிலாளியிடம் போன வாரம் கேட்டேன்: "அண்ணே, மண்டபத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்?" அவர் மேடையையும் கேட்கவில்லை, ஏ.சி.யையும் கேட்கவில்லை. "பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பெட்டியை வைக்க, பூட்டு போட்ட அலமாரி ஒண்ணு இருக்குமா சார்?" என்றார்.